உள்ளே ஒரு பனியன்

எங்கள் வீட்டுக்கு வந்து அவர் செய்த முதல் உதவி, ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றியது.

சான் ஹோசேயில் நாங்கள் குடிவந்த முதல் நாள் அது. வந்த அலுப்போடு ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்ததும் கூரையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று கத்த ஆரம்பித்தது. குழந்தை பயந்து அழுதாள். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து விசிறினார். அது நிற்கவில்லை. சாமான் இல்லாத ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்தார். நல்ல உயரம். நாற்காலி தேவைப்படவில்லை. கையை நீட்டி மூடியைத் திருகினார். பேட்டரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நம்ம சமையலுக்கு இது ஒத்து வராதும்மா. கழட்டியே வெச்சிடு. ஒண்ணும் ஆகாது."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் இரண்டாவது தடவையாகக் கேட்டேன். முதல் தடவை ஏர்போர்ட்டில். எங்களைக் கூட்டிப்போக வந்தவர், குழந்தையை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"குழந்தைக்கான கார் சீட் எங்க வேன்ல மாட்டியிருக்கு. அதைக் கழட்டி இதுல மாட்றது பெரிய வேலை. போலீஸ் பார்த்தா குழந்தையைக் கொஞ்சம் கீழ அமுக்கிக்கோ. ஒண்ணும் ஆகாது."

அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊரில் ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துத்தான் போவோம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் படித்தால் என்னைத்தான் திட்டுவார்கள். நல்ல மனுஷன் என்பார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அப்பார்ட்மெண்ட் பார்த்து வைத்தவர் அவர். அரிசி மூட்டை, குக்கர், ரஜாய் எல்லாம் அவர் வீட்டிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கம்பெனியில் மேனேஜரும் அவர்தான். கிரீன் கார்டுக்குப் போட்டிருந்த காகிதம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மெட்ராஸ்காரர். எங்களைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அங்கிள் என்பேன். என் வீட்டுக்காரர் சார் என்பார். அவர் மனைவியை ஆன்ட்டி என்போம்.

அவருக்குக் கடல் பைத்தியம் உண்டு.

அந்த ஊர்க் கடலில் அபலோனி என்று ஒன்று கிடைக்கும். பாறையில் ஒட்டியிருக்கும் பெரிய சிப்பி. ஓடு ஒரு பக்கம்தான். சோற்றுத் தட்டுப் பாதி அகலம் இருக்கும். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு அதை எடுக்கக் கூடாது, சட்டம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் ஐஸ். வெறும் உடம்போடு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் விரல் மடங்காது. அதனால் ரப்பர் சூட் போடுவார்கள்.

மற்றவர்கள் போட்டது உள்ளே துணி வைத்து, முன்னால் ஜிப் வைத்த சூட். அவருக்கு அது பிடிக்காது. இத்தாலியிலிருந்து தபாலில் வரவழைத்தார். அதில் உள்ளே துணி கிடையாது. வெறும் ரப்பர். தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜிப்பும் கிடையாது. மார்பு வரை ஏறும் பேண்ட் ஒன்று, தலைக்குல்லாவோடு சேர்ந்த சட்டை ஒன்று.

அதற்கு அளவெடுத்தது எங்கள் வீட்டில். என்னிடம்தான் இஞ்ச் டேப் இருந்தது. ஆன்ட்டிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆம்பளை உடம்பை நான் அளக்க முடியாது. எங்கே பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல, என் வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்தார். கழுத்து, அக்குள், மணிக்கட்டு, இடுப்பு, தொடை. கணுக்காலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் தரையில் மண்டி போட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. 

"இன்னொரு தடவை அள," என்றார் அவர். "கால் இஞ்ச் கூட விடக் கூடாது."

"அவ்வளவு துல்லியமா வேணுமா சார்?"

"பின்ன? துணி வெச்ச சூட்டுன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். இது அப்படி இல்ல. இடுப்புக்குப் பின்னால, கழுத்துல, அக்குள்ல, எங்க கேப் இருந்தாலும் ஒவ்வொரு முங்கலுக்கும் ஐஸ் தண்ணி உள்ள போயிட்டு வரும். அப்புறம் ஆளைத் தூக்கிட்டுத்தான் வரணும்."

ஆன்ட்டி சிரித்தார். "முதல்ல இத்தாலிலேர்ந்தே ஒண்ணு வாங்கினாரே, அளவே எடுக்காம. லார்ஜ்னு எழுதிப் போட்டுட்டார். ஒரே தடவைதான் போட்டார். பல்லு கிடுகிடுன்னு ஆடிண்டே வந்தார். குப்பைல போடுங்கோன்னேன்."

"எதுக்குக் குப்பைல போடணும்?" அவர் குனிந்து என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "தம்பிக்கு ஆகும். கிணத்துல குதிச்சு வளர்ந்த ஆளு. என்ன தம்பி, வர்றியா?"

என் வீட்டுக்காரர் மண்டி போட்டபடியே, "சரிங்க சார்," என்றார்.

அவர் உயரமும் தொப்பையும் சேர்ந்த ஆள். அவருக்கே பெரியதாக இருந்த சூட். என் வீட்டுக்காரர் அவர் தோளுக்குத்தான் வருவார். ஒல்லி. கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

அடுத்த சீசனில் போக ஆரம்பித்தார்கள். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே, கடலோர மலைப்பாதையில் வளைந்து வளைந்து போக வேண்டும். நானும் ஆன்ட்டியும் குழந்தைகளும் கூடவே போவோம். மண்பாதை ஓரம் காரை நிறுத்திவிட்டு அங்கேயே சூட் போடுவார்கள். வேலை எங்களுக்கு.

காய்ந்த உடம்பில் அந்த ரப்பர் ஏறாது. வெந்நீரில் ஷாம்பு கலந்து, பால் வாங்கிய பிளாஸ்டிக் கேன்களில் ஊற்றி, துண்டு சுற்றி வீட்டிலிருந்தே கொண்டுபோவோம். அதைச் சூட்டுக்குள் ஊற்றிக் குலுக்க வேண்டும். பிறகு காலை விட வேண்டும். நகம் பட்டால் கிழிந்துவிடும். உள்ளங்கையால் வழித்து வழித்து ஏற்ற வேண்டும். சட்டையை மாட்டும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஆன்ட்டி கீழே இழுப்பார். தலை குல்லாவிலிருந்து வெளியே வரும்போது முகம் சிவந்திருக்கும்.

அவருடைய புது சூட் ஏற நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் தொப்புள் குழிகூடத் தெரியும். ஆன்ட்டி அவர் இடுப்புக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பார். போகாது. அவரே பார்க்கச் சொல்வார். பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இறங்குவார்.

என் வீட்டுக்காரருக்கு நான் இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நைட்டி போடுவதுபோல் போட்டுக்கொண்டார். பின் இடுப்பில் என் கை முழுசாகப் போனது.

"அங்கிள், இது லூசுங்க."

"லூசா இருந்தா மூச்சு விட நல்லதும்மா."

"உங்களுதுல விரலே போகலீங்க."

அவர் சிரித்தார். கோபமே வராது அவருக்கு. "உன் வொய்ஃபுக்கு ரொம்ப பயம் தம்பி," என்றார். அப்புறம் காரில் கிடந்த பனியனைப் பார்த்தார். "உள்ள ஒரு பனியன் போட்டுக்கோ. கேப் அடைஞ்சிடும். ஒண்ணும் ஆகாது."

தோலோடு ஒட்ட வேண்டிய ரப்பர். கால் இஞ்ச் விடக் கூடாது என்று என் ஹாலில் நின்று சொன்ன வாய். ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பனியனைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் கடலுக்குள் போனார்.

அன்று திரும்பி வந்தபோது உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, "முதல் தடவை அப்படித்தான். பழகிடும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இனிமே வரலைன்னு சொல்லீருங்க மாமா."

"எப்படிச் சொல்றது?"

"வாயில சொல்றது."

"சும்மா குடுத்த சூட்டு. அதுல குறை சொல்லச் சொல்றியா? கார்டு வரட்டும்."

"கார்டு வர்றதுக்குள்ள நீங்க போய்ச் சேர்ந்துட்டா அது யாருக்குங்க?"

என் வீட்டுக்காரர் எழுந்து போய் டிவியைப் போட்டார். சரியான அளவில் ஒன்று வாங்கலாம் என்றேன். சார் தப்பாக எடுத்துக்கொள்வார் என்றார்.

சீசன் முடிகிற நேரம், நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காற்று அடித்தது. அலை போன வாரத்தைவிடப் பெரியது. எனக்கே தெரிந்தது. அவர் கடலைப் பார்த்தார். தன் சூட்டின் கழுத்தை இழுத்து விட்டுப் பார்த்தார். ஆன்ட்டியிடம், "பின்னாடி பாரு," என்றார். ஆன்ட்டி விரலை விட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம், "கரையோரமா ரெண்டு முங்கு முங்கிட்டு வந்துடலாம். ஒண்ணும் ஆகாது," என்றார்.

லாரி டியூப் ஒன்றில் கயிறு கட்டி நடுவில் மிதக்க விடுவார்கள். அதைப் பிடித்துத்தான் இளைப்பாறுவது. பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு மேலே இரண்டு கறுப்புத் தலை. ஒரே மாதிரி குல்லா. ஆனாலும் எது யார் என்று தெரியும். ஒன்றில் குல்லா தலையோடு ஒட்டி இருக்கும். இன்னொன்றின் கழுத்தில் ரப்பர் மடிந்து பை மாதிரி நிற்கும்.

பை மாதிரி நின்ற தலை முங்கியது, வந்தது. முங்கியது, வந்தது. அப்புறம் முங்கவில்லை. டியூபை நோக்கிக் கை நீட்டியது. கை டியூபின் மேலே விழுந்தது. பிடிக்கவில்லை. வழுக்கியது. மறுபடி விழுந்தது, வழுக்கியது.

நான் எழுந்து கத்தினேன். காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவர்தான் பார்த்தார். அதைச் சொல்ல வேண்டும். அவர்தான் நீந்திப் போய், முங்கக் கனம் வேண்டுமென்று என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருந்த ஈய பெல்ட்டைக் கழற்றி விட்டார். டியூபின் மேலே ஆளைக் கிடத்தி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். அலை இரண்டு தடவை திருப்பி அடித்தது. விடவில்லை.

கரையில் போட்டபோது என் வீட்டுக்காரர் நடுங்கக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னவோ சொன்னார். குழறியது. சட்டையைத் தலை வழியாக உரிக்கப் பார்த்தேன். உள்ளே பனியன் நனைந்து சுருண்டு அக்குளில் சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆப்பிள் நறுக்கக் கொண்டுவந்த கத்தி பையில் இருந்தது.

"ஐயோ, வெட்டாதம்மா! இழுத்தா வந்துடும்! இத்தாலியன் சூட்டு!"

அதைச் சொன்னவர் அவர். அந்த இடத்தில், அந்த நேரத்தில்.

கழுத்திலிருந்து தொப்புள் வரை கிழித்தேன். பனியனையும் சேர்த்துக் கிழித்தேன். உள்ளே உடம்பு ஃபிரிட்ஜில் வைத்த கறி மாதிரி இருந்தது. ரஜாயைப் போர்த்தி, காரில் ஹீட்டரைப் போட்டு, நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை முன் சீட்டிலிருந்து, "அப்பாக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே ஆன்ட்டி அவருக்குச் சூட்டை உரித்துக்கொண்டிருந்தார். குளிர் காற்றில் அவர் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி.

நடுக்கம் திரும்பி வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவர் பார்க்க வந்தார். கையில் ஒரு அபலோனி. "தம்பி எடுத்தது. பைல இருந்தது. மிளகு போட்டு வறும்மா, தெம்பு வரும்," என்றார். அந்தக் கறியை அடித்து மிருதுவாக்கித்தான் சமைக்க வேண்டும். அவர் போன பிறகு சப்பாத்திக் கட்டையால் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் கூரையைத் தட்டினார்கள். அடித்துவிட்டுக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் காப்பாற்றிய கதை சான் ஹோசே முழுக்கப் போனது. கோயிலில் கேட்டார்கள், பிறந்தநாள் விழாவில் கேட்டார்கள். பொங்கலுக்கு அவர் வீட்டில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு டப்பாவில் சமையல் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தாலி அவர் குடுத்தது. கால்ல விழுந்து கும்பிட்டியோ?"

எல்லோரும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே குனிந்தார். அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. நடிப்பு இல்லை.

"சே சே, என்னப்பா இது? ஒண்ணும் ஆகலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கூரையைப் பார்த்தேன்.

அங்கே வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு.

சமையலறைக்குப் போனேன். அங்கே அடுப்புக்கு எதிரே இன்னொன்று. அதிலும் பச்சை. மாடிப்படியின் மேலே ஒன்று. கைகழுவப் போகிற வழியில் கராஜைப் பார்த்தேன். வேனில் அவர் பையனின் கார் சீட் இறுக்கி மாட்டியிருந்தது. பக்கத்தில் சுவரில் தீ அணைக்கிற சிவப்பு உருளை. ஆணியில் அவர் சூட், பவுடர் போட்டு, மடிப்பு விழாமல் அகலமான ஹேங்கரில்.

"ஆன்ட்டி, நீங்க தாளிக்கும்போது அது கத்தாதுங்களா?"

"கத்தும். ஜன்னலைத் திறந்து விட்டுடுவேன். அதைத் தொடவே விடமாட்டார். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்."

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தன் வீடு, தன் பையன், தன் தோல் என்றால் அவருக்குக் கால் இஞ்ச் கணக்கு. அடுத்தவன் என்றால் ஒண்ணும் ஆகாது. தெரியாமல் செய்தார் என்பதால் என் கோபம் குறையவில்லை. கூடியது.

ஏப்ரலில் சீசன் திறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் பெரிய பை. உள்ளே வந்து, ஹாலில் பையைப் பிரித்தார். அந்தச் சூட். நான் கிழித்த இடத்தைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தார். நேர்த்தியாகத்தான் ஒட்டியிருந்தார். கழுத்திலிருந்து தொப்புள் வரை ஒரு தழும்பு.

"எப்படி இருக்கு? ரெண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினேன். தம்பிக்கு ஒரு பயம் விழுந்துடுச்சு. விட்டா அப்படியே நின்னுடும். நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

என் வீட்டுக்காரர் பாத்ரூமில் இருந்தார். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"லூசா இருக்குமேங்க அங்கிள்."

"உள்ள ரெண்டு பனியன் போட்டுக்கட்டும். ஒண்ணும் ஆகாது."

"அப்படீங்களா." சூட்டை எடுத்தேன். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். "அப்ப நாளைக்கு நீங்க இதைப் போட்டுக்குங்க. உங்களுதை இவருக்குக் குடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையையும் மடக்கவில்லை. அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. சூட்டைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். கை தானாகப் போய்த் தன் பின் இடுப்பைத் தொட்டது.

"அது எனக்குச் சரியா வராதும்மா."

"இவருக்கும் வராதுங்க."

சூட்டை என் கையிலிருந்து வாங்கினார். பையை எடுத்தார். உள்ளே அடைத்தார். "ஆன்ட்டி ஜாக்கெட் கேட்டா," என்றார். "திங்கக்கிழமை தர்றேனுங்க," என்றேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. கார்டு வந்தது. அது வந்தபோது கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர் அவர்தானாம். என் வீட்டுக்காரர் அத்தனை நாள் பயந்தது எதற்கு? அவர் மனதில் கார்டை மறிக்கிற நினைப்பே இருந்ததில்லை. நாங்கள் பயப்படுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார். தலை நனையவே இல்லை.

"என்னடி பண்ணிட்டே?"

நான் டிராயரைத் திறந்து பேட்டரியைத் தேடி எடுத்தேன். செத்துப்போயிருந்தது. குழந்தையின் பொம்மையிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். நாற்காலியைப் போட்டு ஏறினேன். மூடியைத் திருகி, மாட்டி, இறங்கினேன். பச்சை விளக்கு எரிந்தது.

அடுப்பில் எண்ணெய் காய வைத்தேன். கடுகு போட்டேன்.

கத்த ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கத்துது, கத்துது!"

"கத்தட்டும்," என்றேன்.